புனைபெயரில் வந்த ஆஸ்கர்: நெட்ரிக் யங், 1953 முதல் 1993 வரை

பெயர் குறித்து

நிகழ்வு ஆய்வு எழுதும்போது சம்பந்தப்பட்டவர்களின் பெயரைச் சொல்லாமல் விடுவது வழக்கம். இதிலும் கூடியவரை அப்படித்தான் செய்திருக்கிறேன். விசாரணைக் குழுவுக்கு முன் சக கலைஞர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள், ஸ்டுடியோ வக்கீல்கள், சங்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யாருடைய பெயரும் இங்கே வராது. ஆனால் நடுவில் நிற்கும் மனிதரின் பெயரை மறைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய பெயரை அழித்ததுதான் இங்கே ஆராயப்படும் நிகழ்வே. அவர் நெட்ரிக் யங், அமெரிக்க நடிகர், திரைக்கதை எழுத்தாளர். பொதுப் பதிவில் ஏற்கெனவே இருக்கும் சில படைப்பாளிகளின் பெயர்களும் தேவையான இடத்தில் வரும்.

கம்யூனிஸ்ட் தொடர்பு இருப்பதாகச் சொல்லிக் கலைஞர்களுக்கு வேலை மறுத்த ஹாலிவுட்டின் கருப்புப் பட்டியல் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிறைக்குப் போன பத்துப் பேரோடு நிறுத்திவிடுகிறார்கள். யங்கின் கதை அவர்களுடையதைவிட நமக்கு அதிகம் சொல்லித்தருகிறது என்பது என் கருத்து. அவருக்கு இரண்டு தொழில்கள் இருந்தன. ஒன்றில் முகம் தெரிந்தாக வேண்டும். மற்றதில் முகம் தேவையே இல்லை. ஒரே தடை இந்த இரண்டு தொழில்களையும் எப்படி வெவ்வேறு விதமாக அடித்தது என்பதை ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்க முடிகிறது.

பின்னணி

யங் 1914-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். 1940-களின் தொடக்கத்தில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படங்களில் நடிக்கத் தொடங்கினார். 1942-ல் ஒரு போர்க்காலப் படம், 1943-ல் ஒரு ரத்தக்காட்டேரிப் படம் என்று ஆரம்பம் சிறியதுதான். 1946-ல் ‘டிகாய்’ என்ற குற்றப் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். 1950-ல் வெளிவந்த ‘கன் கிரேஸி’ படத்தில் ஒரு சிறு வேடம். 1951-ல் ‘பேசேஜ் வெஸ்ட்’ படத்தின் கதை. ஆக, முப்பத்தைந்து வயதைக் கடந்திருந்த யங் நட்சத்திரம் இல்லை. ஆளே தெரியாதவரும் இல்லை. நடிப்பில் வேலை வராத மாதங்களில் எழுத்து, எழுத்தில் வராத மாதங்களில் நடிப்பு என்று இரண்டு கால்களில் நின்ற உழைப்பாளி.

இந்த நடுத்தர நிலை முக்கியம். புகழ்பெற்றவர்களுக்குச் சேமிப்பு இருந்தது, ஐரோப்பாவுக்குப் போய் வேலை பார்க்கும் வாய்ப்பு இருந்தது, கேள்வி கேட்கப் பத்திரிகைகள் இருந்தன. யங் போன்றவர்களை வேலையிலிருந்து நிறுத்தினால் அது யாருக்கும் செய்தி இல்லை.

அவரைச் சூழ்ந்த தொழில் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகள் குழு’ வாஷிங்டனில் ஹாலிவுட்டை விசாரித்தது. கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தீர்களா, இருக்கிறீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் மேல் அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டது. அந்த நவம்பரில் ஸ்டுடியோ முதலாளிகள் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடி, அந்தப் பத்துப் பேரையும் வேலையிலிருந்து நீக்குவதாகவும், தெரிந்தே எந்தக் கம்யூனிஸ்டுக்கும் வேலை தருவதில்லை என்றும் அறிவித்தார்கள். கருத்துச் சுதந்திரம் தரும், அமெரிக்க அரசியலமைப்பின் முதல் சட்டத்திருத்தத்தை நம்பி வாதாடிய பத்துப் பேரும் 1950-ல் சிறைக்குப் போனார்கள்.

1951-ல் குழு மறுபடியும் விசாரணையைத் தொடங்கியது. இந்த முறை வலை பெரியது. அந்த வலையில்தான் யங் சிக்கினார்.

1953: குழுவின் முன்

1953-ல் யங் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அவர் போன்றவர்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, ஒத்துழைப்பது. தன்னைப் பற்றிச் சொல்வதோடு அது முடியாது. கூட்டத்துக்கு வேறு யார் யார் வந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்ல வேண்டும். குழுவிடம் பெரும்பாலும் அந்தப் பெயர்கள் முன்பே இருந்தன. அதனால் பெயர் சொல்லச் சொன்னதைத் தகவல் தேடலாக என்னால் பார்க்க முடியவில்லை. மண்டியிட வைக்கும் சடங்கு அது. இரண்டாவது, முதல் திருத்தத்தைக் காட்டி மறுப்பது. அதன் முடிவு சிறை என்று பத்துப் பேரின் அனுபவம் காட்டிவிட்டது. மூன்றாவது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி மறுப்பது. இதில் சிறை இல்லை, வேலை போய்விடும்.

‘என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல மாட்டேன்’ என்று நாலாவதாக ஒரு வழி இருந்திருக்கக் கூடாதா என்று இன்று நமக்குத் தோன்றலாம். பலர் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் 1951-ல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தந்த தீர்ப்பு அந்தக் கதவை மூடிவிட்டது. தன் கட்சித் தொடர்பு பற்றி ஒருவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு ஐந்தாவது திருத்தத்தின் பாதுகாப்பு கிடைக்காது என்றது அந்தத் தீர்ப்பு. ஒரு கேள்விக்கு வாய் திறந்தால் எல்லாவற்றுக்கும் திறக்க வேண்டும். ஆகவே முதல் கேள்வியிலேயே மௌனம் என்பதுதான் நண்பர்களையும் காப்பாற்றி, தானும் சிறைக்குப் போகாமலிருக்க இருந்த ஒரே வழி. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது குற்றவாளியின் மௌனமாகத் தெரிந்தது. ஐந்தாவது திருத்தத்தைக் காட்டுகிறவன் எதையோ மறைக்கிறான் என்ற பேச்சைக் குழுவின் ஆட்களே பரப்பினார்கள்.

யங் ஐந்தாவது திருத்தத்தைத் தேர்ந்தெடுத்தார். பெயர் எதுவும் சொல்லவில்லை.

கண்ட விளைவு ஒன்று: முகத்தை மறைக்க முடியாது

அதே 1953-ல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ வெளிவந்தது. முப்பரிமாணத்தில் வந்து வசூலை அள்ளிய திகில் படம். அதில் மெழுகுச் சிலைக்கூடத்தில் வேலை பார்க்கும் குடிகார உதவியாளர் லியான் என்ற பாத்திரத்தில் நடித்திருப்பவர் யங். சிறு வேடம்தான், ஆனால் கதைக்கு முக்கியமானது. படத்தின் நடிகர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதே படத்தில் வாய் பேசாத வேலையாளாக வந்த, பிற்காலத்தில் சார்ல்ஸ் பிரான்சன் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற நடிகருக்குப் பட்டியலில் இடம் இருந்தது.

படம் பார்த்த லட்சக்கணக்கானவர்கள் யங்கின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் யாரென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

எழுத்தாளரின் நிலைமை வேறு. தடை விழுந்த எழுத்தாளர்களுக்காக ஹாலிவுட்டில் ஒரு கள்ளச்சந்தையே உருவானது. முன்பு வாங்கியதில் ஒரு துண்டுத் தொகைக்கு, புனைபெயரிலோ பினாமி ஒருவரின் பெயரிலோ எழுதித்தர வேண்டும். பினாமி தயாரிப்பாளரோடு பேச்சுவார்த்தைக்குப் போவார், திருத்தங்களைக் கேட்டுவருவார், காசோலை வாங்குவார், தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். தயாரிப்பாளருக்குப் பெரும்பாலும் உண்மை தெரியும். திறமையைக் குறைந்த விலைக்கு வாங்குவது அவருக்கு லாபம்.

நடிகருக்கு இப்படி ஒரு சந்தை இருக்கவே முடியாது. வேறொருவர் முகத்தைக் கடன் வாங்கி நடிக்க முடியுமா? தடைபட்ட நடிகர்களில் சிலர் நியூயார்க் நாடக மேடைக்குப் போனார்கள். ஜெஃப் கோரி என்ற நடிகர் பல ஆண்டுகள் நடிப்புச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். இன்னும் பலர் தொழிலையே விட்டார்கள். இரண்டும் தெரிந்த யங்குக்கு, நடிப்பு அடைபட்ட பிறகும் எழுத்து மிச்சமிருந்தது. அவர் தப்பித்ததற்கு முதல் காரணம் இதுதான். தைரியத்துக்கும் அதிர்ஷ்டத்துக்கும் அடுத்த இடம்தான்.

கண்ட விளைவு இரண்டு: சங்கம் விட்டுக்கொடுத்தது

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிப்பது குழு செய்ததுகூட அல்ல. 1953-ல் திரை எழுத்தாளர் சங்கம் தயாரிப்பாளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத் திருத்தம்தான். குழுவுக்கு முன் பதில் சொல்ல மறுத்தவர்களின் பெயரைப் படத்திலிருந்து விட்டுவிடும் உரிமை அதன் மூலம் ஸ்டுடியோக்களுக்குக் கிடைத்தது.

யார் எழுதியது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்துக்காகவே அந்தச் சங்கம் பல ஆண்டுகள் போராடியிருந்தது. முதலாளி தன் மைத்துனன் பெயரைக் கதாசிரியராகப் போடும் பழக்கத்தை ஒழிப்பதுதான் அதன் தொடக்ககால லட்சியங்களில் ஒன்று. அந்த உரிமையை அது தானாகவே கைவிட்டது. பயம் ஒரு காரணம். சங்கத்தையே கம்யூனிஸ்ட் கூடாரம் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற கவலை இன்னொரு காரணம். இரண்டையும் புரிந்துகொள்கிறேன். ஆனால் பட்டியல் இத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு இந்தக் கையெழுத்தும் ஒரு தூண்.

அதன் பலன் 1956-ல் வெளிப்படையாகத் தெரிந்தது. ‘ஃபிரெண்ட்லி பெர்சுவேஷன்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர் மைக்கேல் வில்சன் என்று சங்கமே நடுவர் தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பு நிறுவனம் மேற்சொன்ன விதியைக் காட்டி, திரைக்கதை யாருடையது என்ற வரியே இல்லாமல் படத்தை வெளியிட்டது. யாரும் எழுதாமல் தானாகவே உண்டான படம் போல.

1957: அகாடமியின் விதி

வில்சன் பெயர் ஆஸ்கர் பரிந்துரைக்கு வந்துவிடுமோ என்று, ஆஸ்கர் விருதுகளைத் தரும் அமைப்பான அகாடமிக்குக் கவலை. 1957 பிப்ரவரியில் அது ஒரு விதி கொண்டுவந்தது. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்று ஒப்புக்கொண்டு அதை மறுதலிக்காதவர்களும், குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தவர்களும் ஆஸ்கருக்குத் தகுதியில்லை என்றது அது. வில்சனின் திரைக்கதை பரிந்துரைப் பட்டியலில் எழுத்தாளர் பெயர் இல்லாமல் வந்தது, விதிப்படி தகுதியற்றது என்ற குறிப்போடு.

அதே மார்ச்சில் சிறந்த கதைக்கான ஆஸ்கர் ‘தி பிரேவ் ஒன்’ படத்துக்காக ராபர்ட் ரிச் என்பவருக்குப் போனது. அப்படி ஒருவர் யாருக்கும் தெரியாது. மேடைக்கு வந்து அவர் சார்பாக விருது வாங்கியவர், ரிச் மனைவியின் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருக்கிறார் என்றார். உண்மையில் ரிச் என்பது பத்துப் பேரில் ஒருவரான டால்ட்டன் டிரம்போ. அடுத்த ஆண்டு ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் திரைக்கதைக்கான ஆஸ்கர், மூல நாவலைப் பிரெஞ்சில் எழுதிய பியர் பூலுக்குப் போனது. ஆங்கிலத் திரைக்கதையை எழுதியவர்கள் வில்சனும் கார்ல் ஃபோர்மனும். இருவரும் பட்டியலில் இருந்தவர்கள்.

விதி வந்த முதல் இரண்டு ஆண்டுகளிலேயே இரண்டு முறை தோற்றுவிட்டது. ஆனால் வெளிப்படையாக யாரும் அதைச் சொல்லாதவரை அது தோற்றதாகக் கணக்கில்லை.

1957–58: ஓட்டைகள்

இதே காலத்தில் யங்கின் பெயர் எப்படியோ சில இடங்களில் எட்டிப்பார்த்தது. 1957-ல் எல்விஸ் பிரெஸ்லி நடித்த ‘ஜெயில்ஹவுஸ் ராக்’ எம்ஜிஎம் படம். பெரிய ஸ்டுடியோ, நாட்டிலேயே பெரிய நட்சத்திரம். அதன் டைட்டிலில் ‘கதை: நெட் யங்’ என்று இருக்கிறது. 1958-ல் ‘டெரர் இன் எ டெக்சஸ் டவுன்’ என்ற சிறு வெஸ்டர்ன் படத்தில் கறுப்பு உடை அணிந்த வில்லனாக நடித்தார். அங்கும் ‘நெட் யங்’ என்று பெயர் போட்டார்கள்.

அந்த வெஸ்டர்ன் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திரைக்கதையை எழுதியவர் பினாமிக்குப் பின்னால் இருந்த டிரம்போ. வில்லன், பெயர் சொல்ல மறுத்த யங். கதாநாயகன் ஸ்டெர்லிங் ஹேடன். ஹேடன் 1951-ல் குழுவிடம் பெயர்களைச் சொன்னவர், பிறகு அதற்காக வாழ்நாள் முழுவதும் வெளிப்படையாக வருந்தியவர். எதிரெதிர் முடிவுகளை எடுத்த மூன்று பேரின் உழைப்பு அந்த ஒரே படத்தில் இருக்கிறது.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவு. பட்டியல் என்பது ஓரிடத்தில் எழுதிவைத்த தாளாக எப்போதும் இருந்ததில்லை. யார் எவ்வளவு பயந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வாசலிலும் அது வேறாக இருந்தது. ஓட்டை இருந்ததால் கொடுமை குறைந்தது என்று அர்த்தமில்லை. நாளைக்கு எந்த வாசல் திறக்கும் என்று தெரியாமல் ஒருவர் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது.

1958: ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’

யங் ஹாரல்ட் ஜேக்கப் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து ஒரு திரைக்கதை எழுதினார். தென் மாநிலம் ஒன்றில் கைதிகளை ஏற்றிச்செல்லும் வண்டி விபத்துக்குள்ளாகிறது. ஒரே சங்கிலியில் கட்டப்பட்ட வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஒருவரும் தப்பி ஓடுகிறார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது, ஆனால் பிரியவும் முடியாது. ஸ்டான்லி கிராமர் அதைத் தயாரித்து இயக்கினார். டோனி கர்ட்டிஸும் சிட்னி பாய்ட்டியேவும் நடித்தார்கள். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பர் பாய்ட்டியே, இந்தப் படத்துக்காகத்தான்.

எழுதியது யார் என்று கிராமருக்குத் தெரியும். அவர் முன் இருந்த கேள்வி, டைட்டிலில் என்ன போடுவது என்பது. உண்மைப் பெயரைப் போட்டால் திரையரங்குகளுக்கு முன் முன்னாள் படைவீரர் அமைப்புகளின் மறியல், படத்துக்கு நஷ்டம். வேறொருவர் பெயரைப் போட்டால் அப்பட்டமான பொய். ‘நேத்தன் இ. டக்ளஸ்’ என்ற புனைபெயர் நடுவழியாக அமைந்தது.

அதோடு நிற்காமல் கிராமர் இன்னொன்றும் செய்தார். படத்தின் தொடக்கத்தில் இரவு மழையில் கைதி வண்டி போகிறது. முன்னிருக்கையில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இருவராக நடித்தவர்கள் யங்கும் ஸ்மித்தும்தான். திரைக்கதை எழுதியவர்களின் பெயர்கள் சரியாக அந்த முகங்களின் மேல் வந்து விழுகின்றன. யங்கின் முகத்துக்குக் கீழே ‘நேத்தன் இ. டக்ளஸ்’.

இந்த முடிவை வெறும் குறும்பு என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1953-ல் முகம் இருந்தது, பெயர் இல்லை. எழுத்துக் கள்ளச்சந்தையில் வார்த்தைகள் இருந்தன, முகமும் பெயரும் இல்லை. இங்கே முதல்முறையாக எழுதியவரின் முகமும் அவர் எழுதியது என்கிற அறிவிப்பும் ஒரே சட்டகத்தில் வந்தன. பெயர் மட்டும்தான் பொய். விவரம் தெரிந்த எவரும் ஐந்து நொடியில் உண்மையைப் படித்துவிடலாம். பிறகு மறுக்க முடியாத சாட்சியத்தைப் படச்சுருளிலேயே பதித்துவைத்தார் கிராமர். ஒரு இயக்குநர் தன் எழுத்தாளருக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

1958 டிசம்பர் – 1959 ஏப்ரல்: வெளியே வருதல்

படம் வெற்றி பெற்றது. 1958-க்கான நியூயார்க் திரைப்பட விமர்சகர்கள் விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை மூன்றும் கிடைத்தன. ஆஸ்கர் பரிந்துரை நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நேத்தன் இ. டக்ளஸ் யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இப்போது முடிவு யங்கின் கையில். மௌனமாக இருந்தால் ராபர்ட் ரிச் நாடகம் இன்னொரு முறை நடக்கும். விருது கிடைக்கும், உண்மை கிடைக்காது. வெளியே சொன்னால் அகாடமியின் விதி பாயும். வில்சனுக்கு நடந்தது போலத் திரைக்கதையே தகுதி இழக்கலாம், அதனால் பட்டியலில் இல்லாத ஸ்மித்தும் பாதிக்கப்படலாம். அதாவது, தன் பெயரைக் கேட்கிற உரிமையைக் கூட்டாளியின் வாய்ப்போடு சேர்த்துப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

யங் சொல்லிவிட்டார். புத்தாண்டையொட்டிச் செய்தி வெளியானது. டக்ளஸ் என்பது குழுவிடம் பதில் சொல்ல மறுத்த நெட்ரிக் யங் என்று நாடே அறிந்தது.

அகாடமி இதற்கு முன் சிக்காத இடத்தில் சிக்கிக்கொண்டது. ரிச் விஷயத்தில் தெரியாது என்று சொல்ல முடிந்தது. பூல் விஷயத்திலும் கண்ணை மூடிக்கொள்ள முடிந்தது. இங்கே எழுதியவர் முன்வந்து நான்தான் என்கிறார், படத்திலேயே முகம் இருக்கிறது. விதியை அமல்படுத்தினால் ஆண்டின் மிகவும் மதிக்கப்பட்ட படங்களில் ஒன்றின் திரைக்கதையை, உலகமே பார்க்க, எடுத்து வெளியே போட வேண்டும்.

1959 ஜனவரி 12 அன்று அகாடமி அந்த விதியை ரத்து செய்தது. நடைமுறைப்படுத்த முடியாத விதி என்பதுதான் சொன்ன காரணம். தவறான விதி என்று சொல்லவில்லை. சில நாட்களில் டிரம்போவும் ராபர்ட் ரிச் தான்தான் என்று வெளியே சொன்னார்.

1959 ஏப்ரல் 6 அன்று ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ 9 பரிந்துரைகளில் 2 ஆஸ்கர் வென்றது. கறுப்பு-வெள்ளை ஒளிப்பதிவுக்கு ஒன்று, நேரடியாகத் திரைக்கென்று எழுதிய கதை-திரைக்கதைக்கு ஒன்று. இரண்டாவது விருது பதிவானது நேத்தன் இ. டக்ளஸ், ஹாரல்ட் ஜேக்கப் ஸ்மித் என்ற பெயர்களில். யங் யார் என்று அப்போது அரங்கில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் பதிவேட்டில் புனைபெயர்தான் ஏறியது.

1960: தொடர்ச்சி

கிராமர் இருவரையும் அடுத்த படத்துக்கும் அழைத்தார். 1925-ல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மேல் நடந்த வழக்கை வைத்து, பட்டியல் காலத்து அச்சத்தை மனதில் கொண்டு எழுதப்பட்ட நாடகம் ‘இன்ஹெரிட் தி விண்ட்’. அதன் திரைக்கதையை யங்கும் ஸ்மித்தும் எழுதினார்கள். அதுவும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, மறுபடியும் டக்ளஸ் என்ற பெயரில்.

முன்னாள் படைவீரர்களின் அமெரிக்கன் லீஜன் அமைப்பு யங்குக்கு வேலை தந்ததற்காகக் கிராமரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. இதற்கு முன் இப்படி ஒரு கண்டனம் வந்தால் தயாரிப்பாளர்கள் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்பார்கள். கிராமர் யாரைத் தன் படத்துக்கு வைத்துக்கொள்வது என்பது தன் உரிமை என்று பதில் சொன்னார், லீஜனின் தலைவரோடு தொலைக்காட்சியில் விவாதத்துக்கும் போனார். வானம் இடிந்து விழவில்லை. அதே 1960-ல் டிரம்போவின் பெயர் ‘எக்ஸோடஸ்’, ‘ஸ்பார்ட்டகஸ்’ படங்களின் டைட்டிலில் வந்தது.

பட்டியலை உடைத்தவர்கள் என்று பொதுவாக ‘ஸ்பார்ட்டகஸ்’ ஆட்களைச் சொல்கிறோம். அவர்கள் செய்ததைக் குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் தட்டியபோது கதவு ஏற்கெனவே அரைகுறையாகத் திறந்திருந்தது. 1959 ஜனவரியில் அதை முதலில் தள்ளியது யங்.

1960–1968: நீதிமன்றமும் மிச்ச வாழ்வும்

1960 டிசம்பரில் யங்கின் தலைமையில் 12 பேர் ஸ்டுடியோக்களின் கூட்டமைப்பு மேலும் ஸ்டுடியோக்கள் மேலும் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அரசியல் நம்பிக்கை என்ற அடிப்படையை அவர்கள் தொடவில்லை. போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி ஒருவருக்கு வேலை தருவதில்லை என்று முடிவெடுப்பது வணிகக் கூட்டுச்சதி, ஆகவே ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். கூர்மையான தேர்வு இது. கலிஃபோர்னியாவில் வேறு சிலர் முன்பு தொடுத்த வழக்கு 1958-ல் உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை போய்த் தீர்வில்லாமல் திரும்பியிருந்தது.

வழக்கு 1965-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. பட்டியல் சட்டவிரோதம் என்று சொல்லும் தீர்ப்பு அதனால் கிடைக்காமலே போயிற்று. வருமானம் இழந்த மனிதர்களைச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டதற்காக யாரும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் 1966-ல் ஜான் ஃபிராங்கன்ஹைமரின் ‘செகண்ட்ஸ்’ படத்தில் யங் நடித்தார். பட்டியலால் பாதிக்கப்பட்ட ஜான் ராண்டால்ஃப், வில் கியர், ஜெஃப் கோரி ஆகியோரும் அதில் இருந்தார்கள். வாழ்க்கையை அழித்துவிட்டுப் புது அடையாளத்தில் வாழும் மனிதனைப் பற்றிய படம் அது. 1968-ல், 54 வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் யங் இறந்தார்.

1993: பதிவு திருத்தம்

1993-ல் யங்கின் மனைவி கேட்டுக்கொண்டதன் பேரில், எழுத்தாளர் பிரிவின் பரிந்துரையை ஏற்று, அகாடமி தன் பதிவேட்டில் டக்ளஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு நெட்ரிக் யங் என்று எழுதியது. விருது கிடைத்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன, அவர் இறந்து 25 ஆண்டுகள். அதே ஆண்டில்தான் ‘ரோமன் ஹாலிடே’ படத்துக்கான டிரம்போவின் ஆஸ்கரும் அவருடைய குடும்பத்துக்குத் தரப்பட்டது. டிரம்போ இறந்தது 1976-ல். ‘பிரிட்ஜ்’ திரைக்கதைக்காக வில்சனுக்கும் ஃபோர்மனுக்கும் உரிய ஆஸ்கர் தரப்பட்டபோது இருவருமே உயிரோடு இல்லை.

எது மாறியிருக்க வேண்டும்

யங்கின் முடிவுகளில் நான் மாற்றச் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. 1953-ல் இருந்த வழிகளில் மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத வழியை எடுத்தார். 1958-ல் விருதுக்குப் பிறகு சொல்லலாம் என்று காத்திராமல், சொன்னால் பலன் இருக்கும் நேரத்தில் சொன்னார். பரிந்துரைகள் முடிவாவதற்கு முன் சொன்னதால்தான் அகாடமி முடிவெடுக்க வேண்டியதாயிற்று. இன்று புனைபெயரில் ஒடுங்கி வேலை செய்கிறவர்கள் நேரம் குறித்து யோசிக்க இதில் நிறைய இருக்கிறது.

மாறியிருக்க வேண்டியவை மற்ற இடங்களில். முதலில், சங்கத்தின் 1953 திருத்தம். உறுப்பினரின் வேலையைக் காப்பாற்ற முடியாமல் போகலாம், அது சங்கத்தின் சக்திக்கு மீறியது. ஆனால் எழுதியவர் யார் என்று சொல்லும் அதிகாரம் சங்கத்தின் கையில் இருந்தது. அதைப் பேரத்தில் வைத்திருக்கவே கூடாது. எந்த எழுத்தாளர் அமைப்பும் தன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்து, உறுப்பினரின் பெயரை நீக்கும் உரிமை எந்தக் காரணத்துக்காகவாவது எதிர்த்தரப்புக்குப் போகிறதா என்று சோதிப்பது நல்லது. நெருக்கடி வந்த பிறகு அந்த வரியைப் படிப்பதில் பயனில்லை.

அடுத்தது, 1959-ல் அகாடமி விதியை ரத்து செய்த விதம். நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று காரணம் சொன்னதால், விதியால் ஏற்கெனவே நடந்த தவறுகளைத் திருத்தும் பொறுப்பு யார் தலையிலும் விழவில்லை. தவறு என்று ஒரு வரி எழுதியிருந்தால் வில்சன், ஃபோர்மன், டிரம்போ, யங் நால்வரின் பதிவுகளையும் அந்த ஆண்டே திருத்தியிருக்க முடியும். நால்வரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். யாருக்கும் செலவில்லாத வேலை, பதிவேட்டில் சில வரிகள்.

கடைசியாக, நடிகர்கள். பட்டியலில் இருந்த எழுத்தாளர்களின் பெயர்களை மீட்கும் வேலை பல ஆண்டுகள் பொறுமையாக நடந்திருக்கிறது. புனைபெயருக்குப் பின்னால் ஒரு திரைக்கதை இருப்பதால் அதை மீட்க முடிகிறது. நடிகர் இழந்தது அவர் நடிக்காமல் போன படங்களை. அவற்றுக்குப் பதிவேடு இல்லை. யங்கின் எழுத்துக்கான ஆஸ்கர் அவர் பெயருக்கு வந்துவிட்டது. 1953-க்கும் 1958-க்கும் இடையில் நடிகர் யங்குக்கு வந்திருக்க வேண்டிய வேடங்களை எந்தக் குழுவாலும் திருப்பித்தர முடியாது. பட்டியலின் இழப்புகளைக் கணக்கெடுக்கிறவர்கள் மீட்கப்பட்ட திரைக்கதைகளை மட்டும் எண்ணினால் சேதத்தில் சிறு பகுதியைத்தான் எண்ணுகிறார்கள்.